பெருங்குடல் புண்ணோடு சேர்ந்து வந்த ரத்தச்சோகை

பெருங்குடல் புண் நோய் உள்ள ஒருவருக்கு ஹீமோகுளோபின் இறங்கினால், நோயாளிக்கும் வீட்டாருக்கும் பொது மருத்துவருக்கும் உடனே தோன்றும் காரணம் ஒன்றுதான்: மலத்தில் ரத்தம் போகிறது, அதனால் இரும்புச்சத்து குறைகிறது. பெரும்பாலானோருக்கு அதுவே சரியான காரணமும்கூட. ஆனால் வெளியே ஒரு சொட்டு ரத்தமும் போகாமல், உடலுக்குள்ளேயே சிவப்பணுக்கள் அழிந்துகொண்டிருக்கவும் கூடும். அப்படி அழிப்பது வேறு எதுவுமில்லை, குடலைப் புண்ணாக்கிய அதே நோயெதிர்ப்பு மண்டலம்தான். எனக்கு நேர்ந்தது இது. தன்னுடல் தாக்கு ரத்தச்சோகை என்று இதற்குப் பெயர். அரிதாகத்தான் வரும், வந்தால் இரும்பு மாத்திரையால் தீராது, நாள் கடந்தால் உயிருக்கே ஆபத்தாகும். சந்தேகம் மட்டும் எழுந்துவிட்டால் சில எளிய ரத்தச் சோதனைகளே இதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியை. குடல் நோயின் தொடக்கம் நம் ஊரில் பலருக்கும் நேர்வதுபோலத்தான் எனக்கும் இருந்தது. மலத்தோடு சளியும் ரத்தமும் கலந்து போனபோது மூலம் என்றார்கள், உடம்புச் சூடு என்றார்கள். களிம்பும் வெந்தயமும் மோருமாகச் சில காலம் போயிற்று. பிறகு குடலுக்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்து, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல் புண், என்று உறுதியானது. மலக்குடலில் தொடங்கிய அழற்சி பெருங்குடலின் பெரும்பகுதிக்குப் பரவியிருந்தது. குடல் அழற்சியை அடக்கும் மெசலமின் மாத்திரையும், இரவில் ஆசனவாய் வழியாக ஏற்றிக்கொள்ளும் மெசலமின் எனிமாவும் கொடுத்தார்கள். நோய் அடங்கி, சில ஆண்டுகள் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியான காலத்தில்தான் மூச்சு வாங்கத் தொடங்கியது. மாடியிலிருக்கும் பத்தாம் வகுப்புக்கு ஏறிப் போனால், கரும்பலகைக்கு முன்னால் சற்று நின்ற பிறகே பேச முடியும். படுத்தால் காதுக்குள் நாடித்துடிப்பின் ஓசை கேட்கும். மலம் இயல்பாகவே இருந்தது. ரத்தமோ சளியோ இல்லை. பிறகு கண்ணின் வெண்மை மஞ்சளாக மாறியது. கண் மஞ்சளானால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். எண்ணெயும் காரமும் நின்றன. என் கணவர் அதோடு கல்லீரல் சோதனைக்கும் ரத்தம் கொடுத்துவிடலாம் என்று அழைத்துப் போனார்.

அறிக்கையில், கண்ணை மஞ்சளாக்கும் நிறமியான பிலிருபின் மொத்தம் 4.1 என்றும், அதில் கல்லீரல் பதப்படுத்திய நேரடி பிலிருபின் 0.6 மட்டுமே என்றும் இருந்தது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி என்ற நொதி இயல்பாக இருந்தது. சிவப்பணுக்களிலும் இருக்கும் எஸ்ஜிஓடி என்ற நொதி சற்றுக் கூடியிருந்தது. என் குடல்நோய் மருத்துவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்ததும் முதலில் கேட்டது மலத்தைப் பற்றி அல்ல. சிறுநீரின் நிறத்தையும், அண்மையில் போட்டுக்கொண்ட ஊசிகளையும் பற்றித்தான் கேட்டார். பிறகு, "இது கல்லீரலிலிருந்து வந்த காமாலை இல்லைம்மா. ரத்த அணு உடைஞ்சு வர்ற மஞ்சள். இன்னிக்கே அட்மிட் ஆகிடுங்க" என்றார். அன்று மாலை வந்த முழு ரத்தக் கணக்கில் ஹீமோகுளோபின் 6.4 என்றிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். குடல் அழற்சி நோயாளிக்குக் கண் மஞ்சளானால் மருத்துவர்கள் நினைத்துப் பார்க்கும் இன்னொரு நோயும் உண்டு. பித்தநாளங்கள் தழும்பேறிச் சுருங்கும் பிரைமரி ஸ்கிளிரோசிங் கோலாஞ்சைட்டிஸ் என்ற அந்த நோய், பெருங்குடல் புண்ணோடு நெருங்கிய தொடர்புடையது. ஆனால் அதில் உயர்வது நேரடி பிலிருபினும், பித்தநாள அடைப்பில் கூடும் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியும். எனக்கு உயர்ந்திருந்ததோ கல்லீரல் இன்னும் பதப்படுத்தாத மறைமுக பிலிருபின். அது நீரில் கரையாது என்பதால் சிறுநீரில் இறங்குவதில்லை. என் சிறுநீரில் பிலிருபின் இல்லை, பிலிருபின் குடலில் மாறி உண்டாகும் யூரோபிலினோஜன் மட்டும் கூடியிருந்தது. ஆகவே மஞ்சள் என்றவுடன் மொத்த பிலிருபினைப் பார்த்துக் கவலைப்படுவதோடு நின்றுவிடாமல், அது எப்படிப் பிரிந்திருக்கிறது என்ற அடுத்த வரியையும் படிக்க வேண்டும்.

உடலுக்குள் நடந்தது இதுதான். சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாட்கள். என் உடல் தன் சிவப்பணுக்களையே அயலாகக் கருதி, கிருமிகளைத் தாக்க உடல் உருவாக்கும் புரதங்களான எதிர்ப்பான்களில் ஐஜிஜி என்ற வகையை அவற்றின் மேல் ஒட்டிவிட்டிருந்தது. அப்படி ஒட்டப்பட்ட அணுக்கள் மண்ணீரல் வழியாகச் செல்லும்போது, அங்கிருக்கும் விழுங்கணுக்கள் அவற்றின் சவ்வைத் துண்டு துண்டாகக் கடித்தெடுக்கின்றன. சவ்வு குறையக் குறைய, தட்டையாக இருக்க வேண்டிய அணு உருண்டையாகிறது. வளைந்து கொடுக்கும் தன்மையை இழந்து, அடுத்தடுத்த சுற்றுகளில் மண்ணீரலிலேயே சிக்கி அழிகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவில் வெளிறாமல், சிறிய, அடர்சிவப்பு உருண்டைகளாக இவை தெரியும். ஸ்பீரோசைட் என்று அறிக்கையில் எழுதுவார்கள். அழிந்த அணுக்களிலிருந்து வெளிவரும் ஹீமோகுளோபின்தான் பிலிருபினாக மாறிக் கண்ணில் மஞ்சளாகத் தெரிகிறது.

சிவப்பணுக்களை உருவாக்கும் எலும்பு மச்சை இந்த இழப்பை ஈடுகட்ட முயல்கிறது. ஊற்று வேகமாகச் சுரந்தும் கிணற்றின் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ நீர் இறைக்கப்படுகிறது என்று பொருள். ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை சொல்வது அதைத்தான். இளம் சிவப்பணுக்களான இவை ரத்தத்தில் இயல்பாக ஒன்று, இரண்டு சதவீதம் இருக்கும். எனக்கு 14 சதவீதம் இருந்தன. மச்சை ஓயாமல் உழைத்தும் ஹீமோகுளோபின் இறங்கியது என்றால் குறை உற்பத்தியில் இல்லை. இரும்புச்சத்துக் குறைவில் இதற்கு நேர்மாறாக இருக்கும்: ரெட்டிகுலோசைட் கூடாது, அணுக்கள் சிறுத்து வெளிறிப்போகும், சிவப்பணுவின் சராசரிப் பருமனான எம்சிவி 80-க்குக் கீழே போகும். எனக்கு எம்சிவி 104. இளம் அணுக்கள் உருவில் பெரியவை என்பதால் சராசரியும் உயர்ந்திருந்தது. அணுக்கள் உடையும்போது வெளிவரும் எல்டிஹெச் என்ற நொதி இயல்பைவிட நான்கு மடங்கு உயர்ந்திருந்தது. உடைந்த அணுக்களின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் ஹெப்டோகுளோபின் ஏறக்குறையத் தீர்ந்துபோயிருந்தது.

இவ்வளவும் அணுக்கள் சிதைகின்றன என்பதை மட்டுமே சொல்கின்றன. சிதைப்பது யார் என்பதைச் சொல்வது கூம்ஸ் சோதனை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ராபின் கூம்ஸ், மூரன்ட், ரேஸ் ஆகிய மூவரும் 1945-இல் வெளியிட்ட இந்த முறை இன்றும் ஏறக்குறைய அதே வடிவில் நடக்கிறது. நோயாளியின் சிவப்பணுக்களைக் கழுவி, மனித எதிர்ப்பான்களைப் பற்றிக்கொள்ளும் திரவத்தைச் சேர்க்கிறார்கள். அணுக்களின் மேல் எதிர்ப்பான் ஒட்டியிருந்தால் அவை கொத்துக்கொத்தாகத் திரண்டுவிடும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ரத்த வங்கி இருக்கும் மருத்துவமனைகளில் பொதுவாகவே இது செய்யப்படுகிறது. ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்தால் பெரும்பாலும் உடல் வெப்பநிலையில் வேலை செய்யும் சூடான வகை. அணுவின் மேல் ஒட்டும் இன்னொரு நோயெதிர்ப்புப் புரதமான சி3டி மட்டும் பாசிட்டிவ் என்றால் குளிரில் வேலை செய்யும் வகையாக இருக்கலாம். அதற்கு, நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து சரியாக வேலை செய்யாது. அதனால் வெறும் பாசிட்டிவ் என்பதோடு நிற்காமல் எந்த வகை என்றும் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. என்னுடையது ஐஜிஜி வகை.

குடல் புண்ணுக்கும் இதற்கும் என்ன உறவு என்று நான் கேட்டபோது, ரத்தநோய் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பெருங்குடல் புண்ணும் தன்னுடல் தாக்கு ரத்தச்சோகையும் ஒருவரிடமே சேர்ந்து வருவது 1950-களிலிருந்தே மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. பெருங்குடல் புண் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவானவர்களிடமே இது காணப்பட்டிருக்கிறது. குடல் அழற்சி நோயின் இன்னொரு வகையான குரோன் நோயில் அதைவிடவும் அரிது. குடலின் உள்சுவர் புண்ணாகிக் கிடக்கும்போது நுண்ணுயிரிகளின் கூறுகள் உள்ளே புகுகின்றன, அவற்றுக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பான்கள் தவறுதலாகச் சிவப்பணுக்களையும் பிடிக்கின்றன என்பது ஒரு விளக்கம். நோயெதிர்ப்பு மண்டலத்தின் கட்டுப்பாடே தளர்ந்துவிட்டதால் குடலும் ரத்தமும் தனித்தனியாகத் தாக்கப்படுகின்றன என்பது இன்னொன்று. மருத்துவ உலகம் இதில் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஆனால் வேறு எதற்கும் அடங்காத சிவப்பணுச் சிதைவு, பெருங்குடலை அறுவை செய்து எடுத்த பிறகு அடங்கிய நோயாளிகள் உண்டு. குடலைச் சும்மா இருக்கவிட்டு ரத்தத்தை மட்டும் கவனித்தால் போதாது என்று என் மருத்துவர்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னதற்கு அது ஒரு காரணம். பெரும்பாலும் குடல் நோய் தீவிரமாக இருக்கும்போது இது வருகிறது. என்னைப்போல் குடல் அடங்கியிருக்கும்போதும் வரலாம், சிலருக்குக் குடல் நோய் வெளிப்படும் முன்பேகூட வரலாம்.

சிகிச்சையைத் தொடங்குமுன் மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கினார்கள். இந்தக் கட்டத்தில் நோயாளி சொல்லும் தகவலுக்கு மிகுந்த மதிப்பு உண்டு. சல்பாசலசின் என்ற பழைய குடல் மருந்து, ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களிடம் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. ஃபோலிக் அமிலம் உட்கிரகிக்கப்படுவதையும் அது குறைக்கும். காய்ச்சல், சளி, அறுவை சிகிச்சை என்று பலவற்றுக்கும் நம் ஊர் மருத்துவமனைகளில் போடப்படும் செஃப்ட்ரையாக்சோன் ஊசி, அரிதாகச் சிலருக்குக் கடுமையான சிவப்பணுச் சிதைவை உண்டாக்கும். மருத்துவர் ஊசிகளைப் பற்றிக் கேட்டது இதனால்தான். உடல் தன்னையே தாக்கும் இன்னொரு நோயான லூபஸுக்கான ஏஎன்ஏ சோதனை, கல்லீரல் அழற்சிக் கிருமிகள், எச்ஐவி, நிணநீர்க் கணுக்களில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் ஆகிய அனைத்தும் நடந்தன. மண்ணீரல் சற்று வீங்கியிருந்ததைத் தவிர வேறொன்றும் இல்லை.

ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம் என்ற நிலையில் ரத்த வங்கியிலிருந்து ஓர் இளம்பெண் என் படுக்கைக்கே வந்தார். ஊதா மூடிக் குழாய்களை வழக்கத்தைவிடக் கூடுதலாக நிரப்பிக்கொண்டே கேட்டார்: "அக்கா, இதுக்கு முன்னாடி எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களா? எத்தனை குழந்தைங்க? கரு கலைஞ்சது எதுவும் உண்டா?" சோகைக்கும் கருவுற்றதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அவரே சொன்னார். என் ரத்தத்திலிருக்கும் எதிர்ப்பான் யாருடைய சிவப்பணுவைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே எந்தப் பையை எடுத்துப் பொருத்தம் பார்த்தாலும் பொருந்தவில்லை என்றே வரும். அது மட்டுமென்றால் சமாளிக்கலாம். பழைய ரத்தமேற்றலிலோ கர்ப்பத்திலோ பிறர் அணுக்களைச் சந்தித்ததால் உண்டான வேறொரு எதிர்ப்பான் அதற்கடியில் ஒளிந்திருந்தால், அது தெரியாமல் ஏற்றும் ரத்தம் உடனே சிதைந்துவிடும். அந்த ஒளிந்திருப்பதைத் தேடத்தான் கூடுதல் ரத்தமும் கூடுதல் நேரமும். இரண்டு பிரசவங்களையும், இரண்டாவதில் ஒரு பை ரத்தம் ஏற்றியதையும் சொன்னேன். எந்த ஊரில், எந்த ஆண்டு என்பதைக்கூடக் குறித்துக்கொண்டார்.

அன்று இரவு முழுவதும் பொருத்தம் பார்த்தார்கள். என் கணவர் வரவேற்பறைக்கும் ரத்த வங்கிக்கும் நடந்துகொண்டிருந்தார். தன்னுடையதும் ஓ பாசிட்டிவ் ரத்தம்தான், எடுத்துக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிரிவு பொருந்துவது இங்கே போதாது என்பதோடு, கணவரின் ரத்தத்தை மனைவிக்கு, அதிலும் இன்னும் குழந்தை பெறும் வயதில் இருப்பவருக்கு, ஏற்றுவதைத் தவிர்ப்பதே வழக்கம் என்பதையும் அவருக்கு எடுத்துச் சொன்னார்கள். விடியற்காலையில், மற்றவற்றைவிடக் குறைவாக எதிர்த்த ஒரு பையைத் தேர்ந்தெடுத்து, மிக மெதுவாக ஏற்றினார்கள். முதல் கால் மணி நேரம் செவிலியர் என் பக்கத்திலேயே நின்று, முதுகு வலிக்கிறதா, குளிர்கிறதா, சிறுநீர் சிவக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முழுப் பொருத்தம் கிடைக்கவில்லை என்பதற்காக ஒருவரை மூச்சுத் திணறலோடும் நெஞ்சு வலியோடும் காத்திருக்க வைக்கக் கூடாது என்பது இத்துறையின் நெறி. அதேபோல் எண் குறைவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் பை பையாக ஏற்றுவதும் இல்லை. எனக்கு ஒரே ஒரு பைதான் ஏற்றினார்கள். மூச்சு அடங்கியதும் நிறுத்திவிட்டார்கள்.

உண்மையான மருந்து ஸ்டீராய்டு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்ற கணக்கில் பிரெட்னிசோலோன் தொடங்கினார்கள். எனக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் வந்தது. பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இது வேலை செய்யும், ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் ஏற்றம் தெரியும் என்றார் மருத்துவர். எனக்கு முதலில் மாறியது ஹீமோகுளோபின் அல்ல. எல்டிஹெச்சும் பிலிருபினும் இறங்கத் தொடங்கின, அதற்குப் பிறகே ஹீமோகுளோபின் ஏறியது. இந்த வரிசை தெரிந்திருந்தால் மனம் தேவையில்லாமல் தளராது. கூடவே ஃபோலிக் அமிலம், கால்சியம், வைட்டமின் டி கொடுத்தார்கள். ஓயாமல் அணுக்களை உருவாக்கும் மச்சைக்கு ஃபோலிக் அமிலம் விரைவில் தீர்ந்துவிடும்.

ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஹெபாரின் ஊசியும் போட்டார்கள். ரத்தக் குறைவால் படுத்திருப்பவருக்கு ரத்தம் உறையாமலிருக்க மருந்தா என்று பார்க்க வந்த உறவினர் எல்லோரும் கேட்டார்கள். குடல் அழற்சி நோய் கால் ரத்தக்குழாய்களிலும் நுரையீரலிலும் ரத்தக் கட்டி உண்டாகும் வாய்ப்பை இரண்டு, மூன்று மடங்காக்குகிறது. சிவப்பணுச் சிதைவு தன் பங்குக்கு அதை மேலும் கூட்டுகிறது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, சோகை சரியாகிவரும்போது திடீரென மூச்சுத் திணறினாலோ அதைச் சோகையின் கணக்கில் எழுதிவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஸ்டீராய்டோடு வாழ்ந்த மாதங்களைப் பற்றி நிறையச் சொல்லலாம். தூக்கம் குறைந்தது, முகம் உப்பியது, பசி அடங்காமல் இருந்தது. சர்க்கரை ஏறியது, அதை மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை கொண்டு அளக்கக் கூடாது என்று ரத்தநோய் மருத்துவர் கோப்பின் மேலேயே எழுதினார். சிவப்பணுக்கள் முதுமையடையுமுன்பே அழிந்துவிடுவதால், அவற்றில் சர்க்கரை படிய நேரமே இருப்பதில்லை. உண்மையில் சர்க்கரை கூடியிருந்தாலும் எச்பிஏ1சி அழகாகக் குறைந்து காட்டும். நீரிழிவும் உள்ள நோயாளிகள் இதைத் தங்கள் சர்க்கரை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மருந்தைக் குறைப்பது பல மாத வேலை. 20 மில்லிகிராம் வரை ஓரளவு வேகமாகவும், அதற்குப் பின் மிக மெதுவாகவும் குறைத்தார்கள். 10-ஐத் தொட்டபோது ரெட்டிகுலோசைட் மீண்டும் உயர்ந்தது, ஹீமோகுளோபின் 9.8-க்கு இறங்கியது, அதே நேரத்தில் குடலும் விழித்துக்கொண்டு மலத்தில் ரத்தம் தலைகாட்டியது. இந்தக் கட்டம்தான் மிகக் குழப்பமானது, ஏனெனில் இப்போது இரண்டு காரணங்களும் ஒருசேர இருந்தன. எல்டிஹெச்சும் மறைமுக பிலிருபினும் கூடியிருந்தது சிதைவைக் காட்டியது. மலத்தில் கால்புரோடெக்டின் உயர்ந்திருந்தது குடல் அழற்சியைக் காட்டியது. ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்லும் டிரான்ஸ்பெரின் நிறைவு குறைந்திருந்தது இரும்புச்சத்துக் குறைவையும் காட்டியது. உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மட்டும் இயல்பாக இருந்தது. அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும். 100-க்குக் கீழ் இருந்தாலே இரும்புக் குறைவைச் சந்தேகிக்கலாம் என்றார்கள். எனக்கு இரும்பை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். அழற்சியுள்ள குடலுக்கு இரும்பு மாத்திரை ஒத்துக்கொள்வதும் இல்லை, சரியாக உள்ளே போவதும் இல்லை.

அடுத்து எந்த மருந்து என்பதில்தான் குடல்நோய் மருத்துவரும் ரத்தநோய் மருத்துவரும் நேரில் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. சூடான வகைச் சிதைவில் ஸ்டீராய்டுக்கு அடுத்ததாக இன்று பெரும்பாலும் கொடுக்கப்படுவது, எதிர்ப்பான்களுக்கு மூலமான வெள்ளணுக்களை அழிக்கும் ரிடுக்சிமாப். ஆனால் அந்த மருந்தால் குடல் அழற்சி கிளம்பியவர்களும், அடங்கியிருந்த பெருங்குடல் புண் மோசமானவர்களும் உண்டு. மண்ணீரலை எடுத்துவிடும் அறுவை சிகிச்சை ரத்தத்துக்கு உதவலாம், குடலுக்கு எதுவும் செய்யாது. அதோடு வாழ்நாள் முழுவதும் சில கிருமிகளுக்குப் பயந்திருக்க வேண்டும். இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து என்ற எண்ணத்தில், நோயெதிர்ப்பை அடக்கும் அசதயோபிரின் மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார்கள். தனித்தனியாக இருவரையும் பார்த்து, தனித்தனிச் சீட்டுகளோடு வீடு திரும்பியிருந்தால் இந்த முடிவு கிடைத்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். இரண்டு துறை மருத்துவர்கள் பார்க்கும் நோயாளி, "அவரிடம் ஒருமுறை பேசுகிறீர்களா ஐயா?" என்று கேட்கத் தயங்கவே கூடாது.

அசதயோபிரினுக்கு முன் டிபிஎம்டி, என்யுடிடி15 என்ற இரண்டு மரபணுக்களைச் சோதித்தார்கள். இவற்றில் மாற்றம் உள்ளவர்களுக்கு வழக்கமான அளவு மருந்தே மச்சையை முடக்கி, வெள்ளணுக்களை அபாயகரமாகக் குறைத்துவிடும். ஐரோப்பியரிடம் டிபிஎம்டி மாற்றம் முக்கியம். ஆசியரிடம், இந்தியர் உட்பட, என்யுடிடி15 மாற்றமே கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே டிபிஎம்டி மட்டும் பார்த்து நிறுத்துவது நமக்குப் போதாது. மாற்றம் இல்லை என்று வந்த பிறகும் தொடக்கத்தில் வாரந்தோறும் ரத்தக் கணக்கு எடுத்தார்கள். இந்த மருந்தே எம்சிவியை உயர்த்தும் என்பதால், அதற்குப் பிறகு எம்சிவி உயர்வைச் சிதைவின் அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது. ரெட்டிகுலோசைட்டும் எல்டிஹெச்சும்தான் துணை. அசதயோபிரின் மெதுவாக வேலை செய்யும் மருந்து. ஸ்டீராய்டைக் குறைக்க அது கைகொடுக்கச் சில மாதங்கள் ஆயின.

நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளுக்கு முன் தடுப்பூசிகளை முடித்துவிடுவது நல்லது. நிமோகாக்கல், இன்ஃப்ளுயன்ஸா, ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றைப் போட்டார்கள். அம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை மருந்து தொடங்கிய பிறகு போட முடியாது. ஹெபடைட்டிஸ் பி பழைய தொற்று உள்ளதா என்ற சோதனையையும் காசநோய்ச் சோதனையையும் நம் நாட்டில் ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. அடங்கிக் கிடக்கும் கிருமி இந்த மருந்துகளால் விழித்துக்கொள்ளும்.

என் அடுத்த படுக்கையில் கல்லூரி மாணவரான ஒரு தம்பி இருந்தார். அவருக்கும் பெருங்குடல் புண்தான். மலத்தில் ரத்தம் கூடியதும், குடல் நோய் மீண்டும் கிளம்பும் வழக்கமான சீறல் என்று எனிமாவும் ஸ்டீராய்டும் தொடங்கப்பட்டிருந்தன. ஆனால் ஈறிலும் ரத்தம் கசிந்தது. முழங்காலுக்குக் கீழே கடுகளவுச் செம்புள்ளிகள் நிறைந்திருந்தன. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் பதினாலாயிரம் மட்டுமே இருந்தன. நோயெதிர்ப்பு மண்டலம் அவருக்குச் சிவப்பணுக்களை விட்டுவிட்டுத் தட்டணுக்களைத் தாக்கியிருந்தது. ஐடிபி என்று சொல்கிறார்கள். இதில் நினைவில் வைக்க வேண்டிய குறிப்பு ஒன்று உண்டு. குடல் அழற்சி சீறும்போது தட்டணுக்கள் இயல்பாகக் கூடவே செய்யும், நான்கரை லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. ரத்தப்போக்கோடு தட்டணுக்கள் குறைந்திருந்தால் அது குடல் சீறலின் முகம் அன்று. சிவப்பணுவும் தட்டணுவும் ஒருங்கே தாக்கப்படும் நிலைக்கு, 1951-இல் அதை விவரித்த மருத்துவரின் பெயரால் எவன்ஸ் நோய்க்குறி என்று பெயர். ஆகவே கூம்ஸ் பாசிட்டிவ் ஆன ஒவ்வொருவரும் தங்கள் தட்டணு எண்ணையும் தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.

வீட்டில் நான் கடைப்பிடிப்பவை சில. அறிக்கைகளைத் தேதிவாரியாக ஒரே கோப்பில் வைத்து, முதல் பக்கத்தில் ஹீமோகுளோபின், ரெட்டிகுலோசைட், எல்டிஹெச், பிலிருபின், தட்டணு, ஸ்டீராய்டின் அளவு ஆகியவற்றை ஒரே கட்டத்தில் எழுதிவருகிறேன். ஒற்றை எண்ணைவிட எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதே மருத்துவருக்குப் பயன்படுகிறது. மருந்தைக் குறைத்த தேதிக்கு எதிரே சிதைவின் எண் ஏறியிருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். கூடியவரை ஒரே ஆய்வகத்தில் கொடுக்கிறேன், ஏனெனில் எல்டிஹெச்சின் இயல்பு அளவு ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடும். மருந்துக் கடையில் வலிக்கென்று கிடைக்கும் டைக்ளோபினாக், இபுபுரோஃபென் மாத்திரைகளைத் தொடுவதில்லை. அவை குடலைக் கிளப்பிவிடும். காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவரைப் பார்க்கிறேன். பல மாதங்கள் உட்கொண்ட ஸ்டீராய்டை வயிற்றுப்போக்கு, விரதம், ஊர்ப்பயணம் என்று எந்தக் காரணத்துக்காகவும் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது என்பதை என் அம்மாவுக்கும் மாமியாருக்கும் புரிய வைத்திருக்கிறேன். உடலின் சொந்தச் சுரப்பு அதற்குள் தூங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் வீழ்ந்து மயங்கி விழ நேரிடும்.

கைப்பையில் ஓர் அட்டை இருக்கிறது. பெருங்குடல் புண், சூடான வகைச் சிவப்பணுச் சிதைவு, கூம்ஸ் ஐஜிஜி பாசிட்டிவ், ரத்தப் பிரிவு, ரத்தம் ஏற்றிய ஆண்டுகள், ஒளிந்திருக்கும் எதிர்ப்பான் எதுவும் அன்று காணப்படவில்லை என்ற ரத்த வங்கியின் குறிப்பு, தற்போதைய மருந்துகள் ஆகியவை அதில் உள்ளன. விபத்தில் நினைவிழந்து கிடந்தால், பொருத்தம் பார்ப்பவர் ஓர் இரவைத் தேடலில் செலவிடாமல் இருக்க இது உதவும். என் கணவரின் கைபேசியிலும் அதன் படம் உள்ளது.

இப்போது ஹீமோகுளோபின் 12-க்கு அருகில் நிற்கிறது. ஸ்டீராய்டு நின்றுவிட்டது, அசதயோபிரினும் மெசலமினும் தொடர்கின்றன. கூம்ஸ் சோதனை மட்டும் இன்னும் பாசிட்டிவ் என்றே வருகிறது. முதல் முறை அதைப் பார்த்து என் கணவர் கலங்கினார். சிதைவு அடங்கிய பிறகும் அணுக்களின் மேல் சிறிதளவு எதிர்ப்பான் ஒட்டியிருப்பது உண்டு, எல்டிஹெச்சும் ரெட்டிகுலோசைட்டும் இயல்பாக இருக்கும்வரை அந்த ஒரு வரிக்காக மருந்தைக் கூட்ட வேண்டியதில்லை என்று மருத்துவர் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவ்விரண்டையும் முழு ரத்தக் கணக்கையும் பார்த்தால் போதும் என்றும், கண் மஞ்சளானாலோ மாடி ஏற மூச்சு வாங்கினாலோ அந்த மூன்று மாதம் வரை காத்திருக்காமல் மறுநாளே வந்துவிட வேண்டும் என்றும் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.